பட்டை ரொட்டியும் ஒரு அரியரும்

போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்திப் புலம்பினேன் இல்லையா? இப்போ செமஸ்டர் லீவு. இந்த வார ரிப்போர்ட் எங்க வீட்டு கிச்சன்லேர்ந்து!

ரிசல்ட் வந்து மூணு நாள் ஆச்சு. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அரியர். வீட்டுல சொல்லலை. அப்பா ஓவர்டைம் பார்த்துக் கட்டின ஃபீஸ் பாஸ் அது! சும்மா உட்கார்ந்தா வாய் உளறிடும்னு பயந்து வேலை தேடினேன். சிக்கினது ஓடிஜி. சீட்டுப் பணத்துல அம்மா ஆசையா வாங்கி, ரெண்டு கேக்கோட ரிட்டயர் ஆன ஜீவன்.

"சினமன் பிரெட் பண்ணப் போறேன்மா."

"அப்படின்னா?"

"பட்டை போட்ட இனிப்பு ரொட்டி."

"பிரியாணிக்குப் போடற பட்டையா?" அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாங்க. ஸ்வீடன்ல 1999-லேர்ந்து அக்டோபர் 4-ம் தேதியைப் பட்டை பன் தினமாவே கொண்டாடறாங்கன்னு எடுத்துவிட்டேன். "அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"ன்னு வெங்காயம் உரிக்கப் போயிட்டாங்க.

முதல் நாள் செம சொதப்பல். பால் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமா மாவு பொங்கும்னு நினைச்சு, கொதிக்கிற பால்லயே ஈஸ்ட்டைக் கொட்டிட்டேன். ரெண்டு மணி நேரம் ஆகியும் மாவு அசையலை. ஆனாலும் விடாம சுட்டேன். வந்தது ரொட்டி இல்ல மக்களே, செங்கல்! அம்மா அதையும் டீயில ஊற வெச்சு சாப்பிட்டாங்க. அப்புறம் கேட்டாங்க: "ஏன்டா, இட்லி மாவுல கொதிக்கிற தண்ணியை ஊத்தினா புளிக்குமா?"

அட, அதானே! ஈஸ்ட்டும் உயிருள்ள ஐட்டம்தான். 35, 40 டிகிரி செல்சியஸ்ல குஷியா இருக்கும். 60-ஐ நெருங்கினா அவ்வளவுதான், காலி. ஹீட் டிரான்ஸ்ஃபர்ல கப் வாங்கினவன் பால் காய்ச்சினா வேற எப்படி இருக்கும்? (இதை மனசுக்குள்ளதான் சொல்லிக்கிட்டேன்.)

மறுநாள் ரவுண்டு டூ. நோட் பண்ணிக்குங்க: மைதா 400 கிராம், விரல் பொறுக்கிற சூட்டுல பால் 230 மில்லி, ட்ரை ஈஸ்ட் 2 டீஸ்பூன், சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன், வெண்ணெய் 50 கிராம். பால்ல கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, பத்து நிமிஷத்துல நுரை வந்தா ஈஸ்ட் உயிரோட இருக்குன்னு அர்த்தம். எல்லாத்தையும் சேர்த்து, பத்து நிமிஷம் கை வலிக்கப் பிசையணும்.

பட்டைத்தூளை மாவுலயே கலந்துடாதீங்க. அதுல இருக்கிற சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டோட வேகத்தைக் குறைச்சிடும். அதனாலதான் உள்ளே தூவிச் சுருட்டறது. நம்ம கடைகள்ல பெரும்பாலும் கிடைக்கிற தடிப் பட்டை கேசியா ரகம். இலங்கைப் பட்டை மெல்லிசு, சுருட்டு மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், வாசனையும் சாது. எனக்குக் கிடைச்சது தடிதான். மிக்ஸியில பொடிச்சு சலிச்சேன்.

மாவை மூடி வெச்சாச்சு. இனிமே ஒரு மணி நேரம் காத்திருக்கிறதைத் தவிர வேலை இல்லை. கிச்சன்ல நானும் அம்மாவும் மட்டும்.

"அம்மா... ஒரு பேப்பர் போயிடுச்சு."

அம்மா பதிலே சொல்லலை. மூடியைத் திறந்து மாவை ஒரு விரலால அமுக்கிப் பார்த்தாங்க. பள்ளம் உடனே மேலே வந்துடுச்சு.

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்றார்கள். மாவைத்தான் சொன்னாங்களா, தெரியலை. அப்புறம், "அப்பாகிட்ட நீயே சொல்லு."

பொங்கின மாவைச் செவ்வகமாத் தேய்ச்சு, மேலே தண்ணி தடவி (வெண்ணெய் தடவினா அடுக்கு பிரிஞ்சுடும்), அரை கப் நாட்டுச் சர்க்கரையும் 1 டேபிள்ஸ்பூன் பட்டைத்தூளும் தூவி, இறுக்கமாச் சுருட்டி டின்ல வெச்சேன். இன்னொரு 40 நிமிஷம் பொங்கவிட்டு, 180 டிகிரியில 35 நிமிஷம். அடியில தட்டினா வெத்து டப்பா மாதிரி சத்தம் கேட்கணும். ஆறினப்புறம்தான் வெட்டணும், இல்லேன்னா உள்ளே பிசுபிசுன்னு ஒட்டும்.

சாயங்காலம் அப்பா ரெண்டு துண்டு சாப்பிட்டார். மூணாவதைக் கையில எடுத்தப்போ சொல்லிட்டேன். துண்டைத் தட்டுல வெச்சார். "அரியர் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி எப்போ?" அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தாக்கூட தூங்கியிருப்பேன் பாஸ்.

காலையில எழுந்து பார்த்தா தட்டு காலி. "எறும்பு வந்துடுச்சாம்மா?"

"உங்கப்பா டிபன் பாக்ஸ்ல எடுத்துட்டுப் போனார்டா. கூட நாலு துண்டு சேர்த்து. அவங்க செக்ஷன்ல குடுக்கணுமாம்."

ஹீட் டிரான்ஸ்ஃபர் புக்கைத் தேடி எடுத்தாச்சு. அடுத்த வாரம் பார்ப்போம்!