மதுபோதைச் சாரதிகளும் நமது ஜமாஅத்களின் மௌனமும்

சில வருடங்களுக்கு முன், வவுனியா – மன்னார் வீதியில் ஒரு மஃரிப் நேரம். வயலிலிருந்து துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிய தமிழ்ச் சகோதரர் ஒருவரை மோட்டார் சைக்கிள் ஒன்று மோதியது. ஓட்டி வந்தவர் எங்கள் ஊர் இளைஞர். வாயில் மது வாடை. பொலிஸார் வருவதற்குள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மாடு குறுக்கே வந்தது என்று சொல்லப்பட்டது. வைத்தியசாலைச் செலவை ஊர் பொறுப்பேற்றது. பேசித் தீர்க்கப் போனவர்களில் நானும் ஒருவன். அந்த மனிதர் இன்றும் காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

மது நமக்கு ஹராம். ஆகவே மதுபோதையில் வாகனம் செலுத்துவது அடுத்தவர் பிரச்சினை என்று நினைக்கிறோம். இந்த நினைப்பே நமது குற்றத்தை மறைக்க உதவுகிறது.

இந்தக் கொடுமைக்கு எதிரான மக்கள் போராட்டத்தின் வரலாற்றைப் பாருங்கள். அமெரிக்காவில் 1978இல் டோரிஸ் ஐக்கன் என்ற பெண்மணி நியூயோர்க் மாநிலத்தில் இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1980 மே 3ஆம் திகதி கலிபோர்னியாவில் வீதியோரமாக நடந்து சென்ற 13 வயதுச் சிறுமி கேரி, போதையில் வந்த சாரதியால் கொல்லப்பட்டாள். அந்தச் சாரதி முன்னரும் இதே குற்றத்துக்காகப் பிடிபட்டவர். சிறுமியின் தாய் கேண்டஸ் லைட்னர் அதே ஆண்டில் தாய்மாரின் அமைப்பொன்றை உருவாக்கினார். மதுபான விற்பனைக்குரிய வயதெல்லையை நாடு முழுவதும் 21 ஆக்கத் தூண்டிய சட்டம் 1984இல் வந்தது.

இவர்கள் மதுவிலக்குப் பிரசாரம் செய்யவில்லை. நீதிமன்றங்களுக்குப் போய் அமர்ந்தார்கள். எந்த வழக்கில் என்ன தீர்ப்பு, யார் தப்பிக்கிறார் என்று குறித்தார்கள். "விதி" என்று ஊர் மறந்துவிடும் மரணத்தைக் குற்றம் என்று சொல்ல வைத்தார்கள்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருந்தால் வாகனம் செலுத்துவது குற்றம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மதுபான விளம்பரத்தையும், 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும் தடை செய்கிறது. ஆனால் 2024இல் வழங்கப்பட்ட மதுபானசாலை அனுமதிப்பத்திரங்களின் விபரம் அந்த டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளியானபோது, கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் 16 என்று தெரியவந்தது. யுத்தத்தில் அனைத்தையும் இழந்த மாவட்டம் அது. அங்கு மக்கள் மதுபானசாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினார்கள். அந்தப் போராட்டங்களில் நம்மவர் எத்தனை பேர் நின்றோம்?

யுத்தத்துக்குப் பின் ஏ9 வீதி காப்பற் வீதியானது. வாகனங்களின் வேகம் கூடியது. ஆனால் வன்னியின் வீதிகளில் இன்றும் இருட்டில் துவிச்சக்கர வண்டிகள் போகின்றன, மாடுகள் படுத்துக் கிடக்கின்றன, மாணவர்கள் நடந்து போகிறார்கள். போதையில் வருபவன் மோதும்போது இனமோ மதமோ பார்ப்பதில்லை.

1990இல் வெளியேற்றப்பட்டு, பல வருடங்களின் பின் மீண்டும் வந்து குடியேறிய சமூகம் நாம். அயலவருடன் உறவைக் கட்டியெழுப்ப எவ்வளவோ பேசுகிறோம். காயப்பட்ட அயலவருக்கு நீதி கிடைக்காமல் தடுத்துவிட்டு எந்த நல்லிணக்கத்தைப் பேசுவது? நமக்கோ நமது உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு சூரா அந்நிஸா நம்மைப் பணிக்கிறது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். போதையில் வண்டி ஓட்டுபவனை விடப் பெரிய இடையூறு எது?

பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. விபத்து நடந்தால் பொலிஸ் பரிசோதனை முடியும் வரை எவரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்று ஊரில் தீர்மானிக்கலாம். நஷ்டஈடு கொடுப்பது கடமை. ஆனால் அது வாக்குமூலத்தை மாற்றுவதற்கான விலையாகக் கூடாது. குத்பாவில் மது ஹராம் என்பதோடு நிறுத்தாமல், சாட்சியை மறைப்பதும் பாவம் என்று சொல்லலாம். வழக்குத் தவணைகளில் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தோடு நம்மில் இருவர் போய் நிற்கலாம்.

அன்று வீதியில் மாடு எதுவும் இருக்கவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டியவன் நான். இனியொரு விபத்து நடந்தால் நம் ஊரில் யாராவது ஒருவராவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.