நாளேடு வாசியாக் கல்வி

பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவருட் பலர் நாளேடு வாசித்தலைப் பொழுதுபோக்காகவோ, போட்டிப் பரீட்சைக்குரிய பொது அறிவுத் தேட்டமாகவோ கருதுகின்றனர். செய்தி வேண்டுமாயின் கைத்தொலைபேசியிற் கிடைக்கின்றதே என்பது அவர்தம் வாதம். செய்தி அறிதலும் செய்தித்தாள் வாசித்தலும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்தின் விளைவே இது.

அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நெடுவரிசையில் நின்றதை யாவரும் அறிவர். அவ்வரிசை ஓர் இரவில் தோன்றியதன்று. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; அரச வருமானம் சரிந்தது. 2020இல் கொரோனாத் தொற்றினாற் சுற்றுலாத்துறை முடங்கியது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது; அடுத்த பெரும்போகத்தில் நெல்விளைச்சல் வீழ்ந்தது. 2022 ஏப்பிரல் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. நாள்தோறும் வாசித்தவர்க்கு இவை ஒரு சங்கிலியின் கண்ணிகள். இடையிடையே தலைப்பை மட்டும் பார்த்தவர்க்கோ தொடர்பற்ற துணுக்குகள். காரணகாரியத் தொடர்பைக் காணாத கண் கல்வி கற்ற கண்ணாகுமா?

“பக்கஞ்சாராத பத்திரிகை எங்கே உண்டு?” என வினவுவாரும் உளர். பத்திரிகைகளுக்கு உடைமையாளர் உண்டு; அவர்க்கு நலன்களும் உண்டு. லேக் ஹவுஸ் நிறுவனம் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் கட்டுப்பாட்டுக்குட் கொண்டுவரப்பட்டதையும் நாம் அறிவோம். ஆயின் சார்பு உண்டென்பது வாசியாதிருத்தற்கு நியாயமன்று. ஒன்றுக்கு இரண்டாக வாசித்தற்கே நியாயமாகும். பாடபேதங்களை ஒப்பிடும் இலக்கிய மாணவரும், முரண்பட்ட சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் வரலாற்று மாணவரும் தத்தம் துறையிற் பயின்ற முறையை நாளேட்டின் முன் கைவிடுவது ஏன்? நாளேட்டுக்கு ஆசிரியர் உண்டு, முகவரி உண்டு. தவறெனில் திருத்தம் கோரலாம். கைமாறி வரும் அநாமதேயச் செய்திக்கு எவரிடம் கணக்குக் கேட்பது?

செய்தியையும் கருத்தையும் வேறுபடுத்தி, தகவலின் மூலத்தைச் சுட்டி, தன் பிழையைத் திருத்தும் ஏடே தரமான ஏடு. அத்தகைய ஏடொன்றை நாளும் அரைமணி நேரம் வாசிப்பதும், அதற்கு மாறான நோக்குடைய பிறிதொன்றோடு ஒப்பிடுவதும், விடுதிகளிலே அவற்றைப் பற்றி விவாதிப்பதும் எமக்கு இயலாதனவல்ல.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்ட அந்நாட்களிலேயே ‘ஈழநாடு’ பத்திரிகைக் காரியாலயமும் எரியூட்டப்பட்டது. நூலுக்கும் நாளேட்டுக்கும் உள்ள வலிமையை எரித்தவர்கள் அறிந்திருந்தனர். வாசிக்க வேண்டிய நாம் அதனை அறியாதிருத்தல் தகுமா?