பின்னால் தொங்கும் தைரியம்

எங்கள் பாளையங்கோட்டை வீட்டுத் திண்ணையில் ரொம்ப நாளாக ஒரு டயர் குடியிருந்தது. வாடகை கிடையாது. சொந்தக்காரன் என் அக்காள் மகன். மருமகன் என்பதால் காலி பண்ணச் சொல்லவும் முடியாது. என் வீட்டுக்காரி அதன்மேல் முறத்தை வைத்துக் கூழ்வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். 'தரையில் வைத்தால் காக்காய் வருகிறது, டயர் மேல் வைத்தால் காக்காய் யோசிக்கிறது' என்பது அவள் ஆராய்ச்சி.

டயர் திண்ணைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருமகன் ஒரு பழைய ஜீப் வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கும் ரகம். வாங்கின மறுவாரமே, புது மருமகள் சமையலறையை மாற்றுவது மாதிரி, ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தான். முதல் பலி டயர். சாத்தான்குளம், உடன்குடிப் பக்கம் தேரி மணலைப் பார்த்திருப்பீர்கள். செக்கச்செவேல் என்று மிளகாய்ப்பொடி கொட்டின மாதிரி இருக்கும். அந்தப் பக்கத்து மணல் பாதைகளில் சாதாரண டயர் புதைந்துவிடும். பட்டையான டயரைப் போட்டு, காற்றையும் கொஞ்சம் இறக்கினால், ஒட்டகத்தின் பாதம் மாதிரி பரந்து மிதித்துக்கொண்டு போகும். இது விஞ்ஞானம். ஆட்சேபணை இல்லை.

பையன் கெட்டிக்காரன், நாலு வாங்கவில்லை, ஐந்து வாங்கினான். தப்பு அங்கே இல்லை. ஐந்தாவதை எங்கே மாட்டுவது என்பதில்தான் வம்பு. ஜீப்பின் பின்கதவில் ஸ்டெப்னி தொங்குமே, அந்தக் கதவும் கீலும் பழைய டயரின் எடையை மனதில் வைத்துச் செய்தவை. புது டயர் ரிம்மோடு சேர்ந்து 30 கிலோவுக்கு மேல். மாட்டின இரண்டாம் வாரமே கதவு ஒரு பக்கமாகத் தொங்கிப்போய், சாத்த வேண்டுமென்றால் ஓர் ஆள் கீழேயிருந்து தூக்க, இன்னொரு ஆள் உதைக்க வேண்டியிருந்தது. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "கதவுல மாட்டாதீய, பம்பரோட சேத்து தனி பிரேம் அடிச்சு அதுல மாட்டணும்" என்றார். அதற்கு ஒரு தொகையும் சொன்னார். மருமகன் அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, "தீபாவளி போகட்டும்" என்றான். எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.

ஐந்தாவது டயர் எங்கள் திண்ணைக்கு வந்தது. கதவில் பழைய கம்பெனி டயர் ஏறியது. பெரிய டயருக்கென்று ஏற்கெனவே ஓர் உறை தைத்து வைத்திருந்தான். கறுப்பு ரெக்சின், அதில் மஞ்சள் எழுத்தில் 'எதற்கும் தயார்'. அந்த உறை மட்டும் மாறவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் அம்சமாகத்தான் இருந்தது. உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை.

அதே சமயத்தில்தான் என் இலவம்பஞ்சுத் தலையணை காணாமல் போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

* * *

நடுவே ஒரு சின்ன சரித்திரம். ஸ்டெப்னி என்கிறோமே, அது ஓர் ஊர்த் தெருவின் பெயர். ஆரம்ப காலத்துக் காரில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்ட வேண்டியதுதான். 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் ஓர் யுக்தி செய்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தின்மேலேயே இதைக் கவ்வ வைத்துப் பூட்டிவிட்டு ஓட்டிப் போகலாம். பிற்பாடு சக்கரத்தையே கழற்றி மாட்டும் வசதி வந்து, அந்தச் சரக்கு காணாமல் போனது. அவர்கள் ஊரில் அந்தப் பெயரும் மறந்துபோனது. நாம் மட்டும் விடவில்லை. சர்வருக்குப் பதிலாக வருகிற ஆளைக்கூட ஸ்டெப்னி என்கிறோம். தெருப் பெயரை இத்தனை விசுவாசமாகக் காப்பாற்றுகிற நாம், தெருவில் இறங்குமுன் அதில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

* * *

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய மழையைத் தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. தாமிரபரணி கரையை மறந்துவிட்டது.

ஆழ்வார்திருநகரியில் என் பெரியத்தை தனியாக இருக்கிறாள். வயது எண்பதுக்கு மேல். சர்க்கரைக்கு இரண்டு வேளையும் இன்சுலின் போட்டாக வேண்டும். ஞாயிறு ராத்திரிக்கப்புறம் போன் இல்லை, கரண்ட் இல்லை, தகவல் இல்லை. வியாழக்கிழமை காலை, தண்ணீர் வடிந்து வழி ஓரளவு திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மருமகன் வாசலில் ஜீப்பை நிறுத்தினான்.

"மாமா, ஏறுங்க. ஆச்சியப் பாத்துட்டு வந்துருவோம். இந்த நேரத்துக்கு ஆகாட்டி இந்த வண்டி எதுக்கு?"

பிளாஸ்கில் ஐஸ் போட்டு இன்சுலின் குப்பி. பின்னால் குடிதண்ணீர், பிரெட், பால் பவுடர். திண்ணையில் டயர். அதை யாரும் நினைக்கவில்லை. வடகம்தான் நனைந்துவிட்டதே என்று என் வீட்டுக்காரி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள்.

செய்துங்கநல்லூர், கருங்குளம் தாண்டி, அரித்துப்போன இடங்களில் இறங்கி ஏறி, ஆதிச்சநல்லூர் வரை ராஜாவாகத்தான் போனோம். அதைத் தாண்டி ஓர் உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் ஒரு ஜாண் கிழிசல். பஞ்சர் என்றால் ஒட்டலாம். பக்கவாட்டுக் கிழிசலுக்கு எந்தப் பசையும் கிடையாது. டியூப்லெஸ் டயரும், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், ஒட்டும் சாமானும் இருந்தால் காரில் ஸ்டெப்னியே வேண்டாம் என்று 2020-ல் விதியைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தை இந்தக் கம்பி படித்திருக்கவில்லை.

"கவலப்படாதீய மாமா" என்று மருமகன் பின்னால் போய் 'எதற்கும் தயார்' உறையை அவிழ்த்தான். உள்ளிருந்து முதலில் வந்தது என் தலையணை. மழையில் ஊறி, நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி கனத்தது. அடுத்து இன்னொரு தலையணை. அதற்கடுத்து என் பழைய வேட்டி. எல்லாம் எடுத்தபின், பாவமாக ஒரு சின்ன டயர்.

"உறை லூசா தொளதொளன்னு இருந்துச்சு மாமா. அதான் அத்தைட்ட கேட்டு வாங்கி அடைச்சேன்."

ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்டேன். அந்த ஊரில் பழங்காலத்து மனிதர்கள் தாழியில் புதைத்த ஆசாமிக்குக்கூடப் பானை, இரும்புச் சாமான் என்று வழிக்கு வேண்டியதை உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்குத் தலையணை.

சின்ன டயரை மாட்டினோம். போல்ட் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் ஆபத்தே. பொருந்தாவிட்டால் சும்மா இருந்திருப்போம். பழையது 235/70/16, புதியது 265/75/16. கணக்குப் போட்டால் உயரத்தில் ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். மற்ற மூன்றும் ஒரு கிலோமீட்டருக்கு 396 சுற்றுச் சுற்றினால் இது 433 சுற்றுச் சுற்ற வேண்டும். பெரிய அண்ணன்மார்களோடு கடைத்தெருவுக்குப் போகும் கடைக்குட்டி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. ஸ்டீயரிங்கும் அந்தப் பக்கமே இழுத்தது.

அப்புறம் வண்டல். ஆறு கொண்டுவந்து ரோட்டில் கொட்டின சேறு, ஒரு பர்லாங் நீளத்துக்கு. நாலு சக்கர இழுவையைப் போட்டான். சேற்றில் சக்கரம் வழுக்க இடம் இருந்ததால் எப்படியோ கரை சேர்ந்தோம். தார் ரோட்டில் ஏறியதும்தான் வினை. இந்த ரக ஜீப்பில் நாலு சக்கர இழுவையைப் போட்டால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஒரே முடிச்சு. முன்னது கூடச் சுற்ற வேண்டும் என்கிறது, பின்னது மாட்டேன் என்கிறது. தாரில் வழுக்கவும் வழியில்லை. முறுக்கெல்லாம் உள்ளே இருக்கும் கியரில் ஏறிக்கொள்ளும். லீவரை இழுத்தால் வரவில்லை. வண்டி, ஜோடி சேராத மாடு பூட்டின மாதிரி துள்ளித் துள்ளி நின்றது.

ஊருக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். நம்மாழ்வார் புளியமரத்தடியில் அசையாமல் இருந்தார் என்பது அந்த ஊர்ப் பெருமை. ஊர் எல்லையில் எங்கள் ஜீப்பும் அசையாமல் இருந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிளாஸ்கில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு டிராக்டர் வந்தது. ஓட்டி வந்த அண்ணாச்சி இறங்கி ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஸ்டெப்னி என்ன சைஸு?"

மருமகன் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையணையைப் பார்த்தேன்.

"நேரா பின்னால எடும். ஒரு பத்தடி."

எடுத்தான். உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். முறுக்கு விட்டுப்போய் லீவர் வெண்ணெய் மாதிரி வந்தது.

"முன்னால இன்னும் சேறு கெடக்கு. திரும்ப நாலையும் போட்டா எதாச்சும் ஒடையும். இங்கனயே ஓரமா விட்டுட்டு ஏறும்" என்றார் அண்ணாச்சி.

மருமகனுக்கு ரோஷம். "உங்க டிராக்டர்லயும் முன்னால சின்னது, பின்னால பெரிசுதானே இருக்கு?" என்றான்.

"அது கணக்குப் பண்ணி வச்ச சின்னதுவே. அதுக்குத் தக்கன உள்ள கியர் பண்ணிருக்கான். நீரு வச்சது கைக்குக் கெடச்ச சின்னது."

வைகாசியில் ஒன்பது பெருமாளும் ஒன்பது கருடன்மேல் எழுந்தருளுகிற ஊருக்குள், நாங்கள் டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு தண்ணீர் கேனைக் கட்டிக்கொண்டு நுழைந்தோம்.

* * *

தெரு முழுக்கச் சேறு. கட்டில், பாய், ரேஷன் அரிசி எல்லாம் வாசலில். பெரியத்தை மச்சுப் படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பேச்சு வரவில்லை. பிளாஸ்கை நீட்டினேன்.

"எனக்கு இருக்குடா" என்றாள்.

பிரிட்ஜில் இருந்த குப்பி, பிரிட்ஜோடு சேர்ந்து மிதந்துவிட்டது. ஆனால் அவள் எப்போதும் இரண்டு வாங்குவாளாம். இன்னொன்று மச்சில், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள். "கரண்ட்ட நம்பி உசுர வைக்க முடியுமா? அதே மருந்து, அதே அளவு. குறஞ்சது வச்சா ஆகுமா?"

பிளாஸ்கைத் திறந்து பார்த்தாள். "எதுத்த வீட்டுக்காரருக்கு நேத்துலேருந்து மருந்து இல்ல. அவருக்கும் இதேதான், டாக்டரும் ஒரே டாக்டர்தான். கெறங்கிப்போய் கெடக்காரு. ஓடு, முதல்ல அதக் குடு."

மருமகன் சேற்றில் ஓடினான். நாங்கள் அரை மணி தாமதமாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாளின் முகத்திலேயே அது எழுதியிருந்தது.

அவன் திரும்பி வந்ததும் அத்தையிடம் டயர் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்:

"ஏலே, தலையணையப் பின்னால கட்டிக்கிட்டா எதுக்கும் தயார்னு எழுதிக்கிட்டு அலஞ்ச?"

* * *

அந்தத் தை மாதமே பம்பரில் தனி பிரேம் வந்தது. பின்னால் தொங்குவது இப்போது முழு அளவு டயர். கதவைத் திறக்க முதலில் பிரேமைத் திறக்க வேண்டும். ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் ஒன்றும் தெரியாது. கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்று நான் எடுத்துச் சொல்ல, பையன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் நடந்துகொண்டிருக்கிறான். மாதம் ஒரு தரம் ஐந்து டயருக்கும் காற்றுப் பார்க்கிறான். ஐந்தையும் முறை வைத்து மாற்றிப் போட்டு ஓட்டுகிறான். இல்லாவிட்டால் நாலு தேய்ந்து, ஐந்தாவது மட்டும் புதிதாக நின்று, பழையபடி அளவு வித்தியாசம் வந்துவிடுமாம்.

எதற்கும் தயார் என்பது உறையில் எழுதுகிற சமாசாரம் இல்லை, உள்ளே இருப்பதைப் பொறுத்தது. இதை எண்பது வயதுக் கிழவி மண்பானையில் செய்து காட்டிய பிறகு, நான் வேறு எழுத வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரிக்குத்தான் வருத்தம். டயர் போனதிலிருந்து வடகத்தைக் காக்காய் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு போகிறது. தலையணை காய்ந்துவிட்டது. சேற்று வாசனை மட்டும் போகவில்லை. ராத்திரி அதில் தலை வைத்தால் தாமிரபரணி ஞாபகம் வருகிறது.