அவள் பெயரால் ஒரு போர்

2001 நவம்பர் 17 அன்று அமெரிக்க அதிபரின் வாராந்திர வானொலி உரையை அதிபர் ஆற்றவில்லை. அவருடைய மனைவி லாரா புஷ் ஆற்றினார். தாலிபான் ஆட்சியில் ஆப்கானியப் பெண்கள் படும் துயரங்களை அடுக்கிவிட்டு, பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கும் கண்ணியத்துக்குமான போரும்தான் என்றார். அவர் சொன்ன துயரங்கள் உண்மை. ஆனால் தேதியைக் கவனியுங்கள். குண்டுவீச்சு அக்டோபர் 7ஆம் தேதியே தொடங்கிவிட்டது. காபூல் நவம்பர் 13இல் வீழ்ந்துவிட்டது. அதற்கும் நான்கு நாள் கழித்துத்தான் அதிபரின் வானொலி நேரம் பெண்ணுரிமைக்குக் கிடைக்கிறது. போர் தொடுக்க முடிவெடுத்தபோது இல்லாத காரணம், அந்த முடிவை நியாயப்படுத்தும்போது வந்து சேர்ந்துகொண்டது.

போருக்கு அனுமதி அளித்த தீர்மானத்தை அமெரிக்கக் காங்கிரஸ் செப்டம்பர் 14 அன்று நிறைவேற்றியது. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், அவர்களுக்குப் புகலிடம் தந்தவர்கள் மீது படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அதில் பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஆதரவாக 420 வாக்குகள் விழுந்தன. எதிராக விழுந்தது ஒன்றே ஒன்று. அது பார்பரா லீ என்ற கறுப்பினப் பெண்ணின் வாக்கு. அதற்காக அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பெண்களுக்காகப் போர் என்றவர்கள், போர் வேண்டாம் என்ற பெண்ணின் பேச்சைக் கேட்கவில்லை.

அது தற்காப்புப் போர் என்பவர்கள் உண்டு. ஏறத்தாழ 3,000 பேர் கொல்லப்பட்ட பிறகு ஒரு நாடு சும்மா இருக்க முடியுமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவர்கூட ஆப்கானியர் இல்லை. 15 பேர் சவுதி அரேபியர்கள். பின் லேடனுக்கு இடம் கொடுத்தது தாலிபான் என்பது மெய். குண்டுவீச்சை நிறுத்தி ஆதாரம் காட்டினால் அவரை மூன்றாவது நாடொன்றிடம் ஒப்படைப்பது குறித்துப் பேசலாம் என்று அக்டோபர் 14இல் தாலிபான் தரப்பு சொன்னது. புஷ் அன்றே மறுத்துவிட்டார். அந்த யோசனை ஏமாற்றாகவும் இருந்திருக்கலாம். சோதித்துப் பார்க்கவே மறுத்தவருக்கு, வேறு வழியில்லாமல் போருக்குப் போனேன் என்று சொல்லும் உரிமை இல்லை. பின் லேடன் 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் கொல்லப்பட்டார். போரோ அதன்பின்னும் பத்தாண்டுகள் ஓடியது.

புறத்திணையில் மகட்பாற்காஞ்சி என்றொரு துறை உண்டு. மகளைக் கேட்டு வேந்தன் படையோடு வந்து நிற்பான். தந்தை கொடுக்க மறுப்பான். ஊர் அழியப் போகிறதே என்று புலவர் வருந்துவார். சில பாடல்களில் பழி அவளைப் பெற்ற தாயின் மீதும் விழும். போருக்குக் காரணமாகச் சொல்லப்படும் அந்தப் பெண் மட்டும் வாய் திறப்பதில்லை. ஆப்கானியப் பெண்ணும் உலகத் தொலைக்காட்சிகளில் இப்படித்தான் நிறுத்தப்பட்டாள். நீலப் புர்காவுக்குள் இருந்தவளுக்கு இரங்கியவர்கள் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை.

அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். 1977இல் மீனா தொடங்கிய ராவா என்னும் ஆப்கானியப் பெண்களின் புரட்சிகரச் சங்கம் தாலிபானையும் எதிர்த்தது, அமெரிக்கக் குண்டுவீச்சையும் எதிர்த்தது. வடக்குக் கூட்டணியின் தளபதிகளைக் கொண்டுவராதீர்கள் என்று எச்சரித்தது. 1992 முதல் 1996 வரை காபூலைத் தரைமட்டமாக்கி, பெண்களைக் கடத்தி வல்லுறவு செய்த குழுக்கள் அந்தக் கூட்டணியில் இருந்தன. அவர்களே அமைச்சர்களாகவும் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் திரும்பி வந்தார்கள். 2003 டிசம்பரில் அரசியல் சாசன அவையில் எழுந்து, இந்தக் குற்றவாளிகளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார் மலாலை ஜோயா என்னும் இளம்பெண். பின்னர் மக்கள் வாக்களித்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய அவரை, 2007இல் அந்த மன்றம் இடைநீக்கம் செய்தது. பழைய போர்க்குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் சட்டத்தையும் அதே ஆண்டில் நிறைவேற்றியது.

பெண்ணைக் காப்பதாகச் சொன்ன படை பெண்ணை எப்படி நடத்தியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2010 பிப்ரவரி 12, பக்தியா மாகாணத்தின் கத்தாபா கிராமம். குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழா நடந்த வீட்டில் அமெரிக்கச் சிறப்புப் படை இரவில் புகுந்து ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் இருவர் கர்ப்பிணிகள், ஒருத்தி பதின்வயதுப் பெண். பெண்களின் உடல்கள் கட்டப்பட்ட நிலையில் முன்பே அங்கே கிடந்தன என்று நேட்டோ அறிவித்தது. குடும்ப மானத்துக்காக நடந்த கொலையாக இருக்கலாம் என்று அதிகாரிகள் செய்தியாளர்களிடம் கசியவிட்டார்கள். ஏப்ரலில் தன் படையே கொன்றது என்று நேட்டோ ஒப்புக்கொண்டது. சொன்ன பொய்யைப் பாருங்கள். தான் செய்த கொலையை மறைக்க, ஆப்கானிய ஆணாதிக்கத்தின் மீது பழியைப் போட்டது அந்தப் படை. அந்த ஆணாதிக்கத்தை ஒழிக்க வந்ததாகத்தான் உலகத்துக்குச் சொல்லியிருந்தது.

பள்ளிகள் திறந்தன, கீழவையின் 249 இடங்களில் 68 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன, இவையெல்லாம் ஒன்றுமில்லையா என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளிகளில் படித்த பெண்கள் இன்று அவற்றின் அருமையை நம்மைவிட நன்றாக அறிவார்கள். ஆனால் அவற்றைக் கட்டியெழுப்பியவர்கள் ஆப்கானியப் பெண்கள். தாலிபானின் முதல் ஆட்சியிலேயே ஹெராத்தில் தையல் வகுப்பு என்ற பெயரில் கூடி ரகசியமாக இலக்கியம் படித்தார்கள். அப்படிப் படித்த கவிஞர் நதியா அஞ்சுமன், தாலிபான் வீழ்ந்து நான்கு ஆண்டு கழிந்த 2005இல், கணவன் அடித்ததைத் தொடர்ந்து 24 வயதில் இறந்தார். வீட்டுக்குள் இருக்கும் ஆட்சியை எந்த விமானப்படையும் கவிழ்த்துவிடாது. அது ஊரோடும் உறவோடும் நாள்தோறும் நடத்த வேண்டிய போராட்டம். அதை அந்நியப் படையின் திட்டமாக்கியதால், பெண் கல்வியை வெள்ளைக்காரனின் சரக்கு என்று ஏசும் வசதி தாலிபானுக்குக் கிடைத்தது.

இருபது ஆண்டுகளில் 46,000க்கும் மேற்பட்ட ஆப்கானியக் குடிமக்கள் கொல்லப்பட்டதாக பிரவுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு கணக்கிடுகிறது. இத்தனைக்கும் பிறகு 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்துகொண்டன. படைவிலகலுக்கு அதில் நாள் குறித்தார்கள், கைதிகள் பரிமாற்றத்துக்கு எண்ணிக்கை எழுதினார்கள். பெண்களின் உரிமை பற்றி ஒரு வரி இல்லை. 2001 தீர்மானத்திலும் இல்லாதவள், 2020 ஒப்பந்தத்திலும் இல்லை. நடுவில் பேச்சுகளில் மட்டும் இருந்தாள்.

2021 ஆகஸ்டில் காபூல் மீண்டும் தாலிபானிடம் போனது. பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளியும், 2022 டிசம்பர் முதல் பல்கலைக்கழகமும் மூடப்பட்டன. பார்த்தீர்களா, போர் தேவைதான் என்கிறார்கள் சிலர். அந்தப் போர் இருபது ஆண்டுகள் நடந்த பிறகு வந்த நிலைமைதான் இது என்பதை மறந்து பேசுகிறார்கள். உணவு, வேலை, விடுதலை என்று முழங்கியபடி துப்பாக்கிகளுக்கு முன்னால் காபூல் வீதிகளில் நடந்த பெண்கள் யாரிடமும் குண்டு கேட்கவில்லை. பாலின ஒதுக்கலைச் சர்வதேசக் குற்றமாக அறிவியுங்கள் என்று கேட்கிறார்கள். 2025 ஜூலையில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்சாதாவைக் கைதுசெய்ய ஆணையிட்டது. அதே நீதிமன்றம் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளின் குற்றங்களையும் விசாரிக்க முற்பட்டபோது, 2020இல் அதன் தலைமை வழக்கறிஞர் மீதே அமெரிக்கா தடை விதித்தது.

ஆகவே, நியாயமா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதே. அடுத்த போர் வரும், அப்போதும் ஏதோ ஒரு நாட்டுப் பெண்ணின் முகத்தைக் காட்டுவார்கள். அந்த நாட்டுப் பெண்கள் என்ன கேட்கிறார்கள், பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால், பெண்ணியத்தின் பெயரைப் பயன்படுத்தாதே என்று சொல்லுங்கள்.