தோரணம் நமக்கு, நிலம் யாருக்கு?



வார இறுதிக் காலையில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தொப்பியும் தண்ணீர் போத்தலுமாகச் சுற்றுப்பயணிகள், முன்னால் ஒரு வழிகாட்டி. பூக்கடையில் நின்று படம் எடுப்பார்கள். வடை வாங்குவார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். இரண்டு மணி நேரத்தில் ‘இந்தியர்களை’ப் பார்த்து முடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.

இதில் நமக்குக் கோபம் இல்லை. வரட்டும். பூக்கார அம்மாவுக்கு நாலு காசு கிடைக்கட்டும். நமது கேள்வி வேறு. சாமியும் சாப்பாடும் மட்டும்தானா நாம்?

2010 அக்டோபர் 27-ல் இங்கே லிட்டில் இந்தியாவைப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் திறந்து வைத்தார்கள். 2015 நவம்பர் 23-ல் மோடி வந்து தோரண வாயிலைத் திறந்தார். அலங்காரத்தைத் திறக்க இரண்டு இந்தியப் பிரதமர்கள்! அந்தத் தெருவுக்கு உயிர் கொடுத்தவன் யார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

செங்கல் சூளைகளால் பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்தது. தமிழனைக் கொண்டுவந்து குடிவைத்தது ரயில். 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி ரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போட்டவர்கள் தமிழ்நாட்டுக் கூலிகள். ஆபீசிலும் ஸ்டேஷனிலும் வேலை பார்த்தவர்களில் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அவர்கள் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்த ரயில்வே குவாட்டர்ஸ்தான் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் 2001-ல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. இன்று அங்கே ஐந்து நட்சத்திர ஓட்டல்கள்.

1904-ல் கட்டிய விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி கட்ட 2014-ல் திட்டம் வந்ததை மறந்துவிட்டீர்களா? அது நமது பாரம்பரியம் என்று நாம்தான் கத்த வேண்டியிருந்தது.

அதே ரயில் பாதையில் கிள்ளானுக்கு வாருங்கள். அரச நகர் பாரம்பரிய நடை என்று இங்கும் ஒரு சுற்றுலா உண்டு. அரச காட்சியகம், பழைய கட்டடங்கள், செட்டியார் கட்டிய தண்டாயுதபாணி கோயில், தெங்கு கிளானா சாலையின் சேலைக்கடைகள். அழகுதான். ஆனால் 1941-ல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அது? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். வெள்ளைக்கார துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். ‘தமிழ் நேசன்’ துணையாசிரியராக இருந்த தலைவர் ஆர்.எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டார். பட்டாளம் வந்தது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். உங்கள் பிள்ளைக்கு இது தெரியுமா?

“சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு எதற்கு ஐயா இந்தப் பழங்கதை?” என்று சிலர் கேட்கலாம். கதைக்கும் நிலத்துக்கும் தொடர்பு இருக்கிறது, அதனால்தான். கோலாலம்பூரில் சுற்றுப்பயணிகள் கூடும் இன்னொரு சந்தை மஸ்ஜிட் இந்தியா. அங்கே 130 ஆண்டுகள் பழமையானது என்று நிர்வாகம் சொல்லும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம். அந்த நிலத்தை 2014-லேயே மாநகர மன்றம் ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. அங்கே பள்ளிவாசல் கட்டுவதற்காக ஆலயம் இடம் மாற வேண்டும் என்று 2025 மார்ச்சில் முடிவானது. பள்ளிவாசலோடு நமக்குப் பகை இல்லை. நூறாண்டு கும்பிட்ட இடம் நம் பெயரில் பதிவாகவில்லையே என்பதுதான் நம் வேதனை. பதிவில்லாத கோயிலுக்கு இந்த நாட்டில் ‘சட்டவிரோதக் கோயில்’ என்று பெயர். நாம் இங்கே உழைத்து வாழ்ந்தோம் என்பதற்கு வரலாறுதான் சாட்சி. வெறும் அலங்காரமாக நின்றால் நாளை நம்மையும் நகர்த்தி வைப்பார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது மூன்று.

ஒன்று: ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உங்கள் பிள்ளைகளோடு இந்தத் தெருக்களில் நடங்கள். தாத்தா எங்கே வேலை பார்த்தார் என்று காட்டுங்கள்.

இரண்டு: சுற்றுலா வழிகாட்டி வேலைக்கு 1992 சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். பயிற்சி எடுத்து நம் இளைஞர்கள் அந்த உரிமத்தைப் பெற வேண்டும். நம் கதையை நாமே சொல்வோம்.

மூன்று: ரயில் தொழிலாளிக்கும் 1941 தியாகிகளுக்கும் தமிழிலும் எழுதிய பலகை வை என்று மாநகர மன்றத்தையும் கிள்ளான் அரச மாநகர மன்றத்தையும் கேட்போம். மனு எழுதுங்கள். பதில் வரும்வரை எழுதுங்கள்.

தோரணம் போதும். வரலாற்றைக் கொடு!