தாய்க்கும் சேர்த்தே மருத்துவம்

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி பயிரிடும் ஊர்கள் பல. மொட்டு விரியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், கூலிப் பெண்கள் இருள் விலகுமுன்பே தோட்டத்தில் இறங்குகின்றனர். கைக்குழந்தையுடைய தாயும் அவர்களுள் ஒருத்தியாயின், பிள்ளை பாட்டியின் மடியில் விடப்படும். விடியற்காலைப் பால் தவறும். அழுகையை அடக்க நீர் கலந்த பசும்பால் புகட்டப்படும். எடைக்குறைவு இவ்வாறு ஓசையின்றித் தொடங்கிவிடும்.

மெலிந்த குழந்தையைக் கண்டால், அதற்கு என்ன கொடுக்கலாம் என்றே பலரும் வினவுவர். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டுவதில்லை. ஆகவே, தாய் உண்டாளா, பாலூட்ட அவளுக்கு நேரம் வாய்த்ததா என்பவையே முதலில் கேட்கத்தக்கவை. 2022 மே மாதம் உதகையில் தொடங்கப்பட்ட 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம், கடும் ஊட்டச்சத்துக் குறைவுற்ற இத்தகைய சிசுக்களின் தாய்மார்க்குச் சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மருந்து அடங்கிய பெட்டகத்தை வழங்குவது சரியான வழியே. எனினும், வீட்டிற்கு வந்த பேரீச்சம்பழம் மூத்த பிள்ளைகளின் கைக்கும் போகும். வறிய வீட்டின் அடுக்களையை அறிந்தவர் அதனைக் குற்றமென்று கூறத் துணியார்.

பெட்டகத்தைக் கொடுப்பதுடன் பணி முடிவதில்லை. 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் மாதந்தோறும் எடை பார்க்கப்பட்டனர். எடை ஏறாத குழந்தைக்கு 90 நாள் கூடுதல் உணவு அளிக்கப்பட்டது, தேறியதும் நிறுத்தப்பட்டது. எடை பார்த்தவர் அவ்வூர்ப் பெண்ணே. எந்த வீட்டுத் தாய் எப்பொழுது வேலைக்குப் போகிறாள் என்பதைத் தராசு சொல்லாது, அவர் சொல்வார்.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு நீர்த்த கஞ்சி போதாது. கெட்டியான கேழ்வரகுக் கூழும் குழைத்த பருப்பும் முட்டையும் வேண்டும். மேற்கையின் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் மெலிவு. அத்துடன் காலில் வீக்கமோ உணவை மறுத்தலோ காணப்படின், வீட்டு வைத்தியம் பார்த்திராமல் உடனே மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் நடந்தும், தேறிய பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் மறுநாள் இருளிலேயே பூப்பறிக்கப் போக நேர்ந்தால் எடை மீண்டும் சரியும். மகப்பேற்று நிதியுதவி, அவள் வீட்டிலிருக்க வேண்டிய மாதங்களிலேயே தவணை தவறாமல் கைக்கு வருதல் வேண்டும். அதன் பின்னும் வேலைக்குப் போயே தீர வேண்டியவளுக்கு, வேலியோர மரத்தில் தூளி கட்ட இடமும், கூலியில் பிடித்தமின்றிப் பாலூட்ட நேரமும் தோட்டக்காரர் தரலாம்.