ஏறுகிறதா, வடிகிறதா?

மாரிகாலத்துக் காலையொன்றில், வெருகல் ஆற்றுக்கு அணித்தான தேத்தண்ணிக் கடை வாங்கிலே அமர்ந்து, பார்வை மங்கிய முதியவர் ஒருவருக்காகப் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். "திருகோணமலை மாவட்டத்தின் வெருகல் பிரதேச செயலாளர் பிரிவுக்குட்பட்ட தாழ்நிலப் பகுதிகளில் ஏற்பட்டுள்ள வெள்ள நிலைமை தொடர்பில்" என்று தொடங்கிய முதல் வாக்கியம், அதிகாரியின் பதவிப் பெயரையும் கடந்து 'தெரிவித்தார்' என்ற வினைமுற்றை எட்டுமுன்னரே முதியவர் தாளின்மேல் கையை வைத்துவிட்டார்.

"தம்பி, தண்ணி ஏறுதா வடியுதா? மாட்டை மேட்டுக்குக் கொண்டுபோகவேணும்."

விடை கடைசிப் பந்தியில் இருந்தது.

மகாவலி கொட்டியாரக் குடாவை அடையுமுன் பிரித்துவிடும் கிளையே எங்கள் வெருகல் ஆறு. மலைநாட்டில் மழை கொட்டினால், இங்கே வானம் வெளுத்திருக்கையிலும் வெள்ளம் வந்து சேரும். ஆகையால் மேலே எந்த வான்கதவு திறந்தது, மட்டக்களப்பு வீதியில் வாகனம் போகுமா என்பவையே எங்களுக்குப் பிரதான விஷயங்கள்.

பிரதான விஷயத்தை முதல் வரியிலேயே சொல்வதற்குப் பழைய உதாரணமொன்று உண்டு. 1865 ஏப்ரல் 14 இரவு, வாஷிங்டன் நாடக அரங்கில் அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்டபோது, அசோசியேட்டட் பிரஸ் நிருபர் லாரன்ஸ் கோப்ரைட் முதலில் அனுப்பிய தந்தி, ஜனாதிபதி சுடப்பட்டார், காயம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை ஒரே வரியில் சொல்லி நின்றது. சொன்னவர் யார், எந்தப் பதவியினர் என்ற விவரத்துக்கு அந்த வரியில் இடமிருக்கவில்லை.

தமிழில் வினை ஈற்றில் நிற்பது மொழியின் சுபாவம், அதிலே குற்றமில்லை. நீண்ட வாக்கியத்தில் எனக்கும் பற்றுண்டு. கட்டுரைக்கு அது அழகு. ஆனால் 'தெரிவித்தார்' என்பதையே முடிவாக நிறுத்திவிட்டால், நடந்த சம்பவம் முழுவதும் அந்த ஒற்றை வினைக்கு முன்னுரையாகக் குறுகிப்போய், ஆறு பெருகியது செய்தியாகாமல், அதிகாரி பேசியதே செய்தியாகிவிடுகிறது. பக்கத்தில் விளம்பரமொன்று புகுந்துவிட்டாலோ வெட்டு விழுவது செய்தியின் வாலில்தான். அங்கேயல்லவா எங்கள் வீதியும் நீர்மட்டமும் ஒதுங்கிக் கிடக்கின்றன!

நிருபர்களையும் உதவி ஆசிரியர்களையும் நான் வேண்டுவது இதுவே: ஆறு பெருகுகிறது என்பதை ஒரு வாக்கியமாகவும், வீதி மூடப்பட்டிருக்கிறது என்பதை மற்றொரு வாக்கியமாகவும் முதற்பந்தியில் நிறுத்துங்கள். நேற்று மாலையிலிருந்து எத்தனை அடி ஏறியது என்பதும் அங்கேயே வரட்டும். அதிகாரியின் பெயரும் பதவியும் இரண்டாம் பந்தியில் மரியாதையோடு வந்து அமரட்டும்.